ஒரு சொல்லும் பல பொருளும்: நிகண்டு முதல் கலைக்களஞ்சியம் வரை

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல்லே பல பொருள் உடையது. சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். கையால் தொட்டறியும் பண்டமும் பொருள். ஈட்டும் செல்வமும் பொருள். அறம் முதலிய நான்கனுள் ஒன்றும் பொருள். அகமும் புறமுமாக விரியும் இலக்கணப் பகுதியும் பொருள். தமிழில் நிகண்டு செய்தோர்க்கும், அகராதி தொகுத்தோர்க்கும், கலைக்களஞ்சியம் படைத்தோர்க்கும் நேர்ந்த பெருஞ்சிக்கல் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அகராதி திரட்டுவது சொல்லின் பொருளை; களஞ்சியம் திரட்டுவது உலகின் பொருளை. ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருப்பின், பத்தும் அகராதிக்கு உரியன. அவற்றுள் எவை களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கன என்பது வேறு வினா. அவ்வினாவுக்குத் தமிழறிஞர் பல நூற்றாண்டுகளாகப் படிப்படியே விடை கண்ட வரலாறு, கவிதையோடு வாழ்வோர் அறிய வேண்டிய ஒன்றாகும். ஏனெனில், களஞ்சியம் எதைத் தனித் தலைப்பாக ஏற்கிறதோ அது அடுத்த தலைமுறைக்கு நிற்கிறது. எதை மற்றொன்றோடு கலந்துவிடுகிறதோ அது மறைந்துபோகிறது.

தொல்காப்பியர் வகுத்த நெறி

பல பொருள் தரும் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இரு கூறாக்கினார். வினையால் வேறுபடுத்தி அறியத்தக்கது ஒன்று. வினை வந்தும் வேறுபடாதது மற்றொன்று. உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லைக் காட்டுவர். மா பூத்தது என்றால் மரம் என்பது விளங்கும். மா வீழ்ந்தது என்றாலோ, வீழ்ந்தது மரமா விலங்கா என்பது விளங்காது. அத்தகைய இடத்தில் மாமரம் என்று வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும் என்பதே இலக்கண நூலார் கருத்து.

இவ்விதி உரையாடலுக்கும் செய்யுளுக்கும் கூறப்பட்டதேனும், களஞ்சியத்திற்கே மிகவும் பொருந்துவது. செய்யுளில் ஒரு சொல் தனித்து நிற்பதில்லை. முன்னும் பின்னும் வரும் சொற்கள் அதன் பொருளைத் தெளிவிக்கும். களஞ்சியத்தின் தலைப்புச் சொல்லோ தனித்தே நிற்பது. அதற்கு வினையும் இல்லை, அடையும் இல்லை. ஆகவே களஞ்சியத் தலைப்புகளெல்லாம் தொல்காப்பியர் கூறிய இரண்டாம் வகையைச் சார்ந்தனவே. கிளந்து சொன்னாலன்றிப் பொருள் விளங்காதன.

நிகண்டுகளின் பாகுபாடு

தமிழ் நிகண்டுகளுள் காலத்தால் முற்பட்டதாகக் கிடைத்திருப்பது திவாகரம். அது 12 தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று முதற்பத்துத் தொகுதிகள் அமைகின்றன. பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருளைத் தொகுப்பது. பன்னிரண்டாம் தொகுதி, இருசுடர், மூவேந்தர், ஐம்பொறி என்றாற்போலப் பல பொருள் கூடிய ஒரு பெயரை விளக்குவது. பிங்கலம் 10 பகுதிகளாக அமைந்து, ஒருசொற் பல்பொருளை இறுதிப் பகுதியாக வைத்தது. கி.பி. 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் விருத்தப்பாவால் இயற்றிய சூடாமணி நிகண்டு, திவாகரத்தைப் போன்றே 12 தொகுதிகளை உடையது. திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மனப்பாடம் செய்த நூல் அது.

இப்பாகுபாட்டை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதற்பத்துத் தொகுதிகளின் வரிசை சொல்லின் வரிசை அன்று. உலகப் பொருள்களின் வரிசை. தெய்வத்தில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம் எனச் செல்லும் அம்முறை களஞ்சியத்தின் முறை. பதினோராம் தொகுதியின் முறையோ அகராதியின் முறை. பிற்காலத்தில் இரு வேறு நூல்களாகப் பிரிந்தவை நிகண்டில் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தன எனலாம்.

நிகண்டு நூலார் பொருள்களைச் சலித்துத் தள்ளவில்லை. அதற்கு அவர்கட்குத் தேவையும் எழவில்லை. அவர்தம் நூல் புலவர்க்கு உரியது. எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடும் புலவனுக்கும், சிலேடை பாட முனைபவனுக்கும் ஒரு சொல்லின் எல்லாப் பொருளும் செல்வமே. காளமேகப் புலவரின் சிலேடைகள் நயம் பெறுவது, இரு வேறு பொருள்களை ஒரு சொல்லில் பிரியாமல் நிறுத்துவதால்தான். கவிஞன் சேர்த்து வைப்பதைக் களஞ்சியத்தார் பிரித்து வைக்க வேண்டும். இரண்டும் மொழிக்குச் செய்யும் தொண்டே. ஆயினும் நெறி வேறு.

பெயரும் பொருளும் பிரிந்தமை

1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை அகர வரிசையில் வைத்தது. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் நிறைவு செய்த சதுரகராதி, மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக அதனை அவர் பகுத்தார். பெயரகராதியில் ஒரு பெயருக்குரிய பல பொருள்களைக் காணலாம். பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் காணலாம். தொகையகராதி தொகைப் பெயர்களை விரிக்கும். தொடையகராதி எதுகைச் சொற்களைத் தரும்.

பெயரிலிருந்து புறப்படும் வழி ஒன்று, பொருளிலிருந்து புறப்படும் வழி மற்றொன்று என்பதைத் தனித்தனிப் பகுதிகளாகவே பிரித்துக் காட்டியது சதுரகராதியின் சிறப்பு. முதல் வழியில் சென்றோர் 1862ஆம் ஆண்டில் வெளிவந்த வின்சுலோ அகராதி போன்ற பேரகராதிகளை ஆக்கினர். இரண்டாம் வழி களஞ்சியத்தை நோக்கிச் சென்றது.

மதுரையில் இரு பெரும்பணிகள்

1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அதன் திங்களிதழான ‘செந்தமிழ்’ 1902இல் தொடங்கியது. அதே 1902இல் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை தொகுத்த அபிதான கோசம் வெளிவந்தது. இலக்கியத்திலும் புராணத்திலும் வரலாற்றிலும் வரும் பெயர்களுக்கு அகர வரிசையில் விளக்கம் தந்த முன்னோடி நூல் அது.

இதனினும் விரிந்த பணியொன்றைச் சென்னையில் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக மேற்கொண்டிருந்தார். புராணப் பெயர்களைத் தொகுக்கத் தொடங்கிய முயற்சி, சமயம், இலக்கியம், மருத்துவம், சோதிடம், அரச மரபு எனப் பல துறைகளைத் தழுவி வளர்ந்தது. அச்சிட்டு வெளியிடப் பொருள் இன்றி இடர்ப்பட்ட அவர்க்குப் பாண்டித்துரைத் தேவர் துணை நின்றார். 1910ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக அபிதான சிந்தாமணி 1050 பக்கங்களில் வெளிவந்தது. முதலியார் 1931இல் மறைந்த பின், விரிவாக்கிய இரண்டாம் பதிப்பை அவர்தம் மைந்தர் 1934இல் கொணர்ந்தார்.

அபிதான சிந்தாமணியார் கைக்கொண்ட முறை எளியது, பயன் மிக்கது. ஒரு பெயரை உடையவர் பலராயின், ஒரே தலைப்பின்கீழ் எண்ணிட்டு அவர்களைப் பிரித்துக் காட்டினார். பெயர் ஒன்று; பெயர்க்கு உரியார் பலர். ஒருவர் செயலை மற்றொருவர்மேல் ஏற்றாமல் அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே இம்முறையின் நோக்கம்.

அந்நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டில், 1913இல், மதுரையிலேயே மற்றொரு பெரும்பணி தொடங்கியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் தமிழ்ப் பேரகராதிக்கான பணி இந்நகரில் உருப்பெற்றது. செந்தமிழ் இதழின் ஆசிரியராக விளங்கிய மு. இராகவையங்கார் அப்பணியில் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார். பின்னர் அலுவலகம் சென்னைக்கு மாறியது. எஸ். வையாபுரிப் பிள்ளை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து, 1936இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தார். பேரகராதி, பிறப்பால் வேறான சொற்களைத் தனித்தனித் தலைச்சொல்லாக்கியது. ஒரு சொல்லின் விரிந்த பொருள்களை எண்ணிட்டு மேற்கோளுடன் வரிசைப்படுத்தியது.

பெயர்க்குரியாரைப் பிரித்த நூலும், சொற்பொருளைப் பிரித்த நூலும் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே நகரத்தோடு தொடர்புற்றன. நிகண்டில் ஒன்றாய் இருந்தவை மதுரையில் இரண்டாய்ப் பிரிந்து முழுமை நோக்கி நடந்தன என்று கூறுவது மிகையாகாது.

கலைக்களஞ்சியம்

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், தமிழில் கலைக்களஞ்சியம் வெளியிடும் திட்டத்தை முன்வைத்தார். தமிழ் வளர்ச்சிக் கழகம் அப்பணியை ஏற்றது. கவிஞரும் இசைப் பாவலருமாகிய பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியரானார். 1954இல் முதல் தொகுதி வெளிவந்தது. 1963இல் ஒன்பதாம் தொகுதியும், 1968இல் இணைப்பாகிய பத்தாம் தொகுதியும் வெளிவந்தன. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியத்தையும் அறிவியற் களஞ்சியத்தையும் தொடங்கியது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா, ஒரு பெயர் பல பொருளைச் சுட்டுமிடத்து அவற்றைப் பட்டியலிட்டு வழிகாட்டத் தனிப்பக்கங்களை வைத்துள்ளது. சொற்பொருளுக்கு விக்சனரி என்னும் வேறோர் அகராதியும் அதன் உடன்பிறப்பாக இயங்குகிறது. கருவி மாறினும், பெயரையும் பொருளையும் பிரித்த பழைய நெறி மாறவில்லை.

மூன்று சொற்கள்

இந்நெறி எவ்வாறு செயற்படும் என்பதை மதுரைக்கு அண்மையான சில சொற்களால் காணலாம்.

முதலாவது ‘வில்’. அம்பெய்யும் கருவி, ஒளி, தனுசு இராசி, சேரர் இலச்சினை, வில்லுப்பாட்டின் முதன்மைக் கருவி எனப் பல பொருளில் இச்சொல் வழங்கும். கருவியாகிய வில்லுக்கு அமைப்பும் வரலாறும் உண்டு. அது களஞ்சியத்திற்கு உரியது. வீசுகோலால் வில்லைத் தட்டி, குடமும் உடுக்கையும் இசைய, தென்மாவட்டக் கோயில் விழாக்களில் நிகழும் வில்லுப்பாட்டு தனிக்கலை. அதுவும் தனித் தலைப்புக்கு உரியது. தனுசு இராசியைத் தனுசு என்னும் தலைப்பிலும், சேரர் இலச்சினையைச் சேரர் என்னும் தலைப்பிலும் காண்பதே முறை. ‘ஒளி’ என்னும் பொருளோ அகராதியிலேயே நிற்கும். அது இழிவுடையது என்பதனால் அன்று. அப்பொருளைச் சொல்லி முடித்தபின் விளக்குதற்கு எஞ்சுவது சொல்லின் வரலாறே அன்றிப் பொருளின் வரலாறு அன்று என்பதனால்.

மதுரையின் தென்பகுதியில், அவனியாபுரம் செல்லும் வழியில் அமைந்த வில்லாபுரத்தின் பெயரிலும் இவ்வொலி கேட்கிறது. வில்லேந்திய வீரரையோ சேரர் இலச்சினையையோ அப்பெயரோடு இணைத்துக் கதை புனைவது கவிஞர்க்கு எளிது, இனிதுங்கூட. களஞ்சியத்தார்க்கு ஒலியொப்புமை சான்றாகாது. கல்வெட்டோ ஆவணமோ இலக்கியமோ துணை நிற்க வேண்டும்.

இரண்டாவது ‘கூடல்’. சேர்தல், புணர்ச்சி, ஆறுகள் கலக்குமிடம், மதுரை மாநகர், தலைவி மணலில் வட்டமிட்டுப் பார்க்கும் குறி எனப் பொருள்கள் விரியும். சேர்தலும் புணர்ச்சியும் அகராதிக்கு உரியன. மதுரையைக் குறிக்கும் கூடல், மதுரை என்னும் தலைப்புக்கு வழிகாட்டி நிற்கும். நான்மாடக்கூடல் என்ற பெயர்க்காரணமும் திருவிளையாடற் புராணச் செய்தியும் அங்கே விளக்கம் பெறும். கூடலழகர் கோயில் தனித் தலைப்புப் பெறும். கூடலிழைத்தல் ஒரு வழக்கம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் ஒரு திருமொழியையே அதற்கு உரிமையாக்கினார். எனவே அது சொற்பொருளாய் நில்லாது பண்பாட்டுச் செய்தியாய்க் களஞ்சியத்தில் இடம்பெறும். கூடலூர் என்றாலோ நீலகிரியில் ஒன்று, தேனி மாவட்டத்தில் ஒன்று. இங்கே மாவட்டப் பெயரை அடையாகக் கிளந்து கூறுதல் வேண்டும்.

மூன்றாவது ‘சங்கம்’. இதில் பிரித்தல் எளிதன்று. ஏனெனில் தமிழிலக்கிய வரலாறே இதனுள் பிணைந்து கிடக்கிறது. சங்கு, கூட்டம், பேரெண், பௌத்தத் துறவியர் அமைப்பு, சமண முனிவர் குழு, புலவர் அவை, இக்காலத் தொழிலாளர் அமைப்பு ஆகிய அனைத்தும் சங்கமே. இறையனார் அகப்பொருளுரை மூன்று சங்கங்களைக் கூறி, அவை முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவின என்கிறது. பாண்டியரின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, மதுரையில் சங்கம் நிறுவியதையும் மாபாரதம் தமிழ்ப்படுத்தியதையும் குறிக்கிறது. மற்றொரு புறம், கி.பி. 470இல் வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார் என்று தேவசேனரின் தர்சனசாரம் என்னும் சமண நூல் கூறுகிறது. வையாபுரிப் பிள்ளை இச்செய்தியைத் தமிழிலக்கிய வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தார். அறிஞர் பலர் அவரை மறுத்தனர்; சமண சங்கம் துறவியர் அமைப்பே அன்றிப் புலவர் அவை அன்று என்றனர்.

இங்கே களஞ்சியத்தாரின் கடமை நுண்ணியது. இரண்டு சங்கங்களையும் ஒரு தலைப்பில் கலந்தால், தலைப்பே வழக்கிற்குத் தீர்ப்புக் கூறியதாகிவிடும். ஒன்றை விட்டுவிட்டாலும் அவ்வாறே ஆகும். தமிழ்ச் சங்கம் ஒரு தலைப்பு. வச்சிரநந்தியின் சங்கம் வேறொரு தலைப்பு. இரண்டுக்கும் உறவு உண்டென்போர் கூற்றும் இல்லையென்போர் கூற்றும் உரிய இடத்தில் பெயரோடு இடம்பெற வேண்டும். மரபை மரபென்றும், சாசனத்தைச் சாசனமென்றும், ஊகத்தை ஊகமென்றும் எழுதுவதே நடுவுநிலை.

பெயர் ஒன்று, புலவர் பலர்

பல பொருள் தரும் சொல்லினும் கவிஞர் நெஞ்சைத் தொடுவது, பல புலவர்க்கு உரிய ஒரு பெயர். ஔவையார் என்னும் பெயர் இதற்குச் சிறந்த சான்று. அதியமானின் அவையில் அமர்ந்து, அவன் பொருட்டுத் தூது சென்ற சங்கப் புலவர் ஔவையார். குழந்தைகட்கு ஆத்திசூடி அளித்தவரும் ஔவையார். மொழிநடையும் யாப்பும் சமூகச் சூழலும் இருவரும் ஒருவரல்லர் என்பதைக் காட்டுகின்றன. நாட்டுப்புறக் கதையோ, எல்லாரையும் கோலூன்றிய ஒரு முதுமகளாக்கி, நெல்லிக்கனியால் அவர்க்கு நெடிய வாழ்நாளையும் வழங்கிவிட்டது. சங்க நக்கீரரும், பதினோராம் திருமுறையில் இடம்பெறும் நக்கீரதேவ நாயனாரும் இவ்வாறே ஒருவராக எண்ணப்பட்டனர். கபிலர்க்கும் பரணர்க்கும் அதே நிலை நேர்ந்தது.

கதையில் இக்கலப்பு அழகு தரும். மக்கள் நினைவில் வாழும் அந்த ஔவை மூதாட்டியும் களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கவரே, ஆனால் கதைமாந்தராக. வரலாற்றில் இக்கலப்பு, ஒரு புலவரைப் புகழுறுத்தி மற்றவரை இல்லாமற் செய்துவிடுகிறது. பாடிய பெண்மக்கள் அருகியிருந்த காலத்தில், இரு பெண்பாற் புலவரை ஒருவராக்குவது எத்துணை பெரிய இழப்பு! களஞ்சியத் தலைப்பின் பக்கத்தில் இடப்படும் 1, 2, 3 என்னும் சிற்றெண்கள் அச்சுக்கோப்பவரின் குறிகள் அல்ல. மறக்கப்பட்ட ஒருவரை மீட்டுத் தருபவை.

வட்டத்தார்க்கு உரிய கடமை

‘வட்டம்’ என்னும் சொல்லும் பல பொருளது. வடிவியலின் வட்டம் உண்டு. வருவாய்த்துறையின் வட்டம் உண்டு. பணமாற்றில் கழிக்கும் வட்டமும் உண்டு. கவிஞரும் சுவைஞரும் கூடும் இலக்கிய வட்டம் உண்டு. வடிவத்தையும் ஆட்சிப் பிரிவையும் விளக்கக் களஞ்சியத்தார்க்குச் சான்று தேட வேண்டிய இடர் இல்லை. இலக்கிய வட்டத்தை விளக்க முற்படும்போதோ ஏடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. கூட்டம் நடந்ததற்கும், கவிதை படித்ததற்கும், நூல் அரங்கேறியதற்கும் எழுத்துச் சான்று இல்லையெனில், எத்துணைப் பயன் விளைந்திருப்பினும் அந்த வட்டம் களஞ்சியத்திற்கு வெளியே நின்றுவிடும்.

பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடுவதன் உட்பயன் இதுவே எனலாம். ஒரே பெயரில் இரு கவிஞர் இருப்பின் தலையெழுத்தையும் ஊரையும் சேர்த்து எழுதுதல், புனைபெயருக்கு உரியவரைக் குறித்து வைத்தல், கூட்டம் நிகழ்ந்த நாளையும் இடத்தையும் பதிவு செய்தல் ஆகியவை சிறு செயல்களாகத் தோன்றலாம். பாடலிலும் தொகைக் குறிப்பிலும் பெயரொன்றே எஞ்சிய சங்கப் புலவர் எத்தனையோ பேர். அவர்தம் ஊரும் காலமும் அறிய இன்று அறிஞர் படும் பாட்டினை எண்ணினால், இச்சிறு செயல்களின் பெருமை விளங்கும்.

மா என்று மட்டும் சொல்லாமல் மாமரம் என்று கிளந்து சொல்லுமாறு தொல்காப்பிய உரைமரபு பணித்தது. பெயரோடு ஊரும், ஊரோடு ஆண்டும், ஆண்டோடு படைப்பும் சேர்த்துக் கிளந்து வைக்கும் வட்டம், வருங்காலக் களஞ்சியத்தில் தன் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் உரிய எண்ணை இன்றே எழுதி வைக்கிறது.